ரோமிங் என்றால் என்ன? ஊரில் இல்லாததை மறைக்க ஆகும் செலவு

வேறு நாட்டில் இறங்கி போனை ஆன் செய்ததும் திரையின் மூலையில் முன்பின் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயர் வரும். அவர்களிடம் நீங்கள் சிம் வாங்கவில்லை, விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவில்லை, ஒரு காசு கட்டவில்லை. ஆனாலும் சிக்னல் முழுதாக நிற்கிறது. பழைய எண்ணுக்கே அழைப்பும் வருகிறது. இதற்குப் பெயர்தான் ரோமிங். இப்படி ஒன்று நடந்ததே பலருக்கு பில் வரும்போதுதான் தெரியவரும்.

ரோமிங்கைப் பற்றிப் பேசுபவர்கள் வழக்கமாகக் கட்டணத்தில் ஆரம்பித்துக் கட்டணத்திலேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. நீங்கள் ஊரில் இல்லை என்பது மற்றவர்களுக்குத் தெரியாதபடி பார்த்துக்கொள்வதுதான் ரோமிங்கின் அடிப்படை வேலை. உங்களைக் கூப்பிடுகிறவர் எதையும் மாற்ற வேண்டாம்: அதே எண், அதே கட்டணம். இடையிலுள்ள தூரத்தை மறைப்பதற்கான செலவு உங்கள் தலையில் விழுகிறது. பணமாகவும் விழுகிறது, நள்ளிரவு இரண்டு மணிக்கு அடிக்கும் மணியாகவும் விழுகிறது.

போனை ஆன் செய்ததும் நடப்பது

ஒவ்வொரு சிம்முக்குள்ளும் ஓர் அடையாள எண் இருக்கிறது. நாம் மற்றவர்களுக்குக் கொடுக்கும் போன் நம்பர் வேறு, இது வேறு. ஐஎம்எஸ்ஐ என்பார்கள்; அதிகபட்சம் 15 இலக்கம். முதல் 3 இலக்கம் நாட்டைக் குறிக்கும்: பிரான்ஸ் என்றால் 208, சிங்கப்பூர் என்றால் 525. அடுத்து வரும் இரண்டு அல்லது மூன்று இலக்கம் எந்த நிறுவனத்தின் சிம் என்பதைக் காட்டும்.

புது நாட்டில் போன் உயிர்பெற்றதும் சுற்றிலும் எந்தெந்த டவர் இருக்கிறது என்று தேடுகிறது. சிம்முக்குள் உங்கள் நிறுவனம் எழுதிவைத்த ஒரு முன்னுரிமைப் பட்டியல் உண்டு. அதில் மேலே இருக்கும் நெட்வொர்க் கிடைக்கிறதா என்று பார்த்து அதன் கதவைத் தட்டுகிறது. அந்த நெட்வொர்க் அடையாள எண்ணின் முதல் சில இலக்கங்களைப் பார்த்ததுமே இது யாருடைய வாடிக்கையாளர் என்று புரிந்துகொண்டு, உங்கள் சொந்த நிறுவனத்திடம் கேட்கிறது: இவர் உங்கள் ஆள்தானா, சேவை கொடுக்கலாமா? அங்கிருந்து ஒரு கணக்குப் புதிர் வரும். அதற்குச் சரியான விடையை உங்கள் சிம் தந்துவிட்டால் அனுமதி கிடைத்துவிடும். இதில் அழகு என்னவென்றால், விடையைக் கண்டுபிடிக்கத் தேவையான ரகசியச் சாவி சிம்மையும் சொந்த நிறுவனத்தையும் விட்டு வெளியே போவதே இல்லை. இடையில் இருக்கும் நெட்வொர்க் புதிரையும் விடையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதோடு சரி.

அதன்பின் இரண்டு பதிவேடுகளில் உங்கள் பெயர் ஏறுகிறது. சொந்த நிறுவனத்தின் நிரந்தரப் பதிவேட்டில் ‘இவர் இப்போது இன்ன நெட்வொர்க்கில் இருக்கிறார்’ என்று ஒரு குறிப்பு. வெளிநாட்டு நெட்வொர்க்கின் தற்காலிகப் பதிவேட்டில் ‘நம்மிடம் வந்திருக்கும் விருந்தாளி’ என்று இன்னொரு குறிப்பு. சில நொடிகளில் எல்லாம் முடிந்து, வரவேற்புக் குறுஞ்செய்தி வந்து நிற்கும். கட்டண விவரம் பெரும்பாலும் அந்தக் குறுஞ்செய்தியில்தான் இருக்கும். நாம்தான் அதை வாசிக்காமல் தள்ளிவிடுகிறோம்.

இந்த ஏற்பாடு தற்செயலாக வந்ததல்ல. 1987 செப்டம்பரில் ஐரோப்பாவின் 13 நாடுகளைச் சேர்ந்த நிறுவனங்கள் கோபன்ஹேகனில், ஜிஎஸ்எம் என்ற பொதுவான மொபைல் தொழில்நுட்பத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோதே, ஒரே போன் எல்லை தாண்டியும் வேலை செய்ய வேண்டும் என்பது நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. 1992-ல் பின்லாந்தின் டெலிகாம் பின்லாந்தும் பிரிட்டனின் வோடஃபோனும் முதல் சர்வதேச ரோமிங் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. இன்று எந்த நாட்டில் இறங்கினாலும் சிக்னல் வருகிறதென்றால், இப்படி இரண்டிரண்டு நிறுவனங்களாகப் போட்டுக்கொண்ட ஒப்பந்தங்கள் பின்னால் இருக்கின்றன. ஒப்பந்தம் இல்லாத இடத்தில் டவர் பக்கத்திலேயே இருந்தாலும் அவசர எண்ணைத் தவிர வேறு எதற்கும் அழைக்க முடியாது.

வரும் அழைப்புக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

முதல்முறை பயணம் போகிறவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். வீட்டிலிருந்து தம்பி கூப்பிடுகிறான். அவன் அழைப்பு முதலில் உங்கள் சொந்த நிறுவனத்துக்குப் போகிறது. அது பதிவேட்டைப் பார்க்கிறது, ஆள் வெளிநாட்டில். வெளிநாட்டு நெட்வொர்க்கிடம் ஒரு தற்காலிக எண் வாங்கி, அழைப்பை அந்த எண்ணுக்குத் திருப்பிவிடுகிறது. தம்பியைப் பொறுத்தவரை அவன் பேசுவது உள்ளூர் அழைப்பு. அவனுக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்றே தெரியாது. தெரியாத ஒன்றுக்கு அவனிடம் காசு வாங்குவது நியாயமில்லை. ஆகவே நாட்டைத் தாண்டும் அந்த இரண்டாம் பகுதி உங்கள் கணக்கில் ஏறுகிறது. வீட்டு விலாசத்துக்கு வரும் கடிதங்களை வெளிநாட்டு விலாசத்துக்குத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டுப் போனால், கூடுதல் தபால்தலைக்குக் கடிதம் எழுதியவர் பணம் தரமாட்டார் அல்லவா, அது மாதிரி.

இதே வழியில் இன்னும் வேடிக்கையான ஒன்று நடக்கும். எடுக்காத அழைப்புக்கு அழைப்பவர் பேசுவதைப் பதிவுசெய்து வைக்கும் வாய்ஸ்மெயில் வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். அழைப்பு வெளிநாட்டுக்கு வருகிறது, மணி அடிக்கிறது, நீங்கள் எடுக்கவில்லை. ‘எடுக்காவிட்டால் வாய்ஸ்மெயிலுக்கு அனுப்பு’ என்பது உங்கள் ஏற்பாடு. வாய்ஸ்மெயில் இருப்பதோ சொந்த நாட்டில். ஆக அழைப்பு போன வழியே திரும்பிப் போகிறது. பேசாத ஒரு அழைப்புக்கு, போக ஒரு கட்டணம், வர ஒரு கட்டணம் என்று பில்லில் இரண்டு வரி. இன்று பல நிறுவனங்கள் இதைத் தவிர்க்க வழி செய்திருக்கின்றன, எல்லாரும் செய்யவில்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தித் துண்டித்தாலும் இதேதான், ஏனென்றால் அழைப்பு அதற்குள் உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. கிளம்புவதற்கு முன் ஊரிலேயே ##002# என்று டயல் செய்தால் ஜிஎஸ்எம் நெட்வொர்க்குகளில், அழைப்பை இப்படித் திருப்பிவிடும் கால் ஃபார்வர்டிங் ஏற்பாடு எல்லாம் ரத்தாகிவிடும். திரும்பி வந்ததும் மறுபடி வைத்துக்கொள்ளலாம்.

விலை ஏன் இவ்வளவு?

வெளிநாட்டு நெட்வொர்க் உங்களிடம் நேரடியாகப் பணம் கேட்பதில்லை. உங்கள் நிறுவனத்திடம் மொத்த விலையில் கணக்கு அனுப்புகிறது. உங்கள் நிறுவனம் அதன்மேல் தன் பங்கை வைத்து உங்களிடம் வசூலிக்கிறது. ஆக இரண்டு லாபம், நடுவில் கணக்குத் தீர்க்கும் இடைநிலை அமைப்புகள். இது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. சிம் வாங்கும்போது யாரும் ரோமிங் கட்டணத்தைப் பார்த்து வாங்குவதில்லை, உள்ளூர் கட்டணத்தைத்தான் பார்க்கிறோம். வெளிநாட்டு நெட்வொர்க்குக்கு நீங்கள் நிரந்தர வாடிக்கையாளரும் இல்லை. உங்களைத் திருப்திப்படுத்த வேண்டிய அவசியம் இரண்டு பக்கத்திலும் இல்லாத இடத்தில் விலை தானாகக் குறையாது.

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் சாட்சி. 2007-ல் அங்கே முதன்முறையாக உச்சவரம்பு வைத்தார்கள்: ரோமிங்கில் ஒரு நிமிடம் பேச வரி நீங்கலாக 49 யூரோ சென்ட், வரும் அழைப்புக்கு 24. படிப்படியாகக் குறைத்து, 2017 ஜூன் 15 முதல் ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணமே கூடாது என்று ஆக்கினார்கள். அளவோடு பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் உண்டு. நிறுவனங்கள் தங்களுக்குள் வாங்கிக்கொள்ளும் மொத்த விலைக்கும் வரம்பு வைத்தார்கள். ஒரு ஜிபி டேட்டாவுக்கு 2017-ல் 7.70 யூரோ, 2022 ஜூலையில் 2 யூரோ, 2027-ல் 1 யூரோ. டவர்கள் அதேதான், ஆனாலும் சட்டம் வந்ததும் விலை இறங்கிவிட்டது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பின் அங்குள்ள பல நிறுவனங்கள் 2022 முதல் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவந்தன என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், செலவு எவ்வளவு, விலை எவ்வளவு என்பது வேறு வேறு விஷயம் என்று விளங்கும்.

டேட்டா: கேட்காமலே செலவாவது

அழைப்பாவது நீங்கள் எடுத்தால்தான் பேச்சு. டேட்டா அப்படியல்ல. போன் சட்டைப்பையில் கிடக்கும்போதே புகைப்படங்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றும், ஆப்களைப் புதுப்பிக்கும், மின்னஞ்சலை இழுக்கும், குழுவில் யாரோ போட்ட வீடியோவை இறக்கிவைக்கும். சுமாரான தரத்தில் ஒரு மணி நேரம் வீடியோ பார்த்தால் முக்கால் ஜிபி முதல் ஒரு ஜிபி வரை போகும். உயர்தரம் என்றால் மூன்று ஜிபி வரை. இணையம் வழியாகக் குரல் மட்டும் பேசுவது நிமிடத்துக்கு ஒரு எம்பியைக்கூடப் பெரும்பாலும் தொடாது. எது தின்கிறது, எது கொறிக்கிறது என்ற இந்த வித்தியாசம் மனதில் இருந்தால் போதும், எந்த பேக் வாங்குவது என்பதை நீங்களே முடிவு செய்துவிடலாம்.

ரோமிங் டேட்டா சுற்றிக்கொண்டு வருகிறது என்பதும் பலருக்குத் தெரியாது. பெரும்பாலான ஏற்பாடுகளில் நீங்கள் திறக்கும் இணையப் பக்கம் முதலில் சொந்த நிறுவனத்தின் வாசலுக்குப் போய், அங்கிருந்து இணையத்தில் இறங்கி, அதே வழியில் திரும்பி வரும். பக்கத்துத் தெருவுக்கு வழி தேடினால்கூட அந்தக் கேள்வி ஒரு கண்டத்தைத் தாண்டிப் போய்விட்டு வரலாம். அதனால்தான் சில நேரம் எல்லாம் மந்தமாகத் தெரியும். வெளிநாட்டில் இருந்தாலும் இணையதளங்கள் உங்களைச் சொந்த நாட்டில் இருப்பவராகவே நினைப்பதற்கும் அதுவே காரணம். மறைப்பு வேலை இங்கேயும் கச்சிதம்!

வரைபடத்தை நினைத்துக் கவலைப்படுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா வேண்டாம். செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞையைப் போன் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். திருப்பி எதுவும் அனுப்புவதில்லை. டேட்டா வேண்டியது வரைபடத்தின் படத்துக்கு. கிளம்பும் முன் வைஃபையில் அந்த ஊரின் வரைபடத்தை இறக்கி வைத்துவிட்டால், டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டும் வழி தெரிந்துகொண்டு நடக்கலாம்.

எல்லைப் பகுதிகளில் எச்சரிக்கை வேண்டும். ரேடியோ அலைக்கு எல்லைக்கோடு தெரியாது. எல்லையோரம் தங்கினால் பக்கத்து நாட்டு டவர் வலுவாக இருந்து, போன் அதைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் ஒரு அடிகூட நாட்டைத் தாண்டியிருக்கமாட்டீர்கள். நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுக்க விடாமல் கையால் தேர்ந்தெடுத்து வைப்பது இதற்கு மருந்து.

கப்பலும் விமானமும் இதைவிட மோசம். நடுக்கடலில் சிக்னல் வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். கப்பலுக்குள்ளேயே ஒரு சின்ன டவர் இருக்கிறது; அது செயற்கைக்கோள் வழியாகக் கரையோடு பேசுகிறது. அந்த வழியில் ஒவ்வொரு எம்பியும் விலை கூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இலவச ரோமிங்கும் தரைவழி நெட்வொர்க்குகளுக்குத்தான். செயற்கைக்கோள் வழி அதில் சேராது. கரையோரம் பிடித்திருந்த டவர் மறைய மறைய, போன் சத்தமில்லாமல் கப்பல் டவருக்குத் தாவும். கப்பல் நகர ஆரம்பித்ததும் ஃப்ளைட் மோடுக்குப் போய்விடுங்கள். அந்தப் பொத்தானின் பெயரில்தான் விமானம் இருக்கிறது, கப்பலில் பயன்படுத்தக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை.

சரி, என்னதான் செய்வது?

மூன்று வழி உண்டு. சொந்த நிறுவனத்தின் ரோமிங் பேக் வாங்கலாம்: சுலபம், விலை கொஞ்சம் கூட. போன இடத்தில் உள்ளூர் சிம் வாங்கலாம்: பெரும்பாலும் மலிவு, ஆனால் அடையாளச் சான்று, வரிசை, புது எண் என்று அலைச்சல். அல்லது பயண இ-சிம். இ-சிம் என்பது போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சில்லு. கியூஆர் குறியை ஸ்கேன் செய்து புது இணைப்பை அதில் ஏற்றிக்கொள்ளலாம். போன் அதை ஏற்கும் மாடலா, வேறு நிறுவனத்தின் சிம்மைத் தடுக்கும் பூட்டு இல்லாததா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

எனக்குப் பிடித்தது கலப்பு வழி. டேட்டாவுக்கு இ-சிம், பழைய சிம்மை டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிட்டு அப்படியே உயிரோடு வைத்திருப்பது. வங்கி அனுப்பும் ஓடிபி பழைய எண்ணுக்குத்தான் வரும். குறுஞ்செய்தி பெறுவதற்குப் பல நிறுவனங்கள் கட்டணம் வாங்குவதில்லை. சிம்மைக் கழற்றி ஹோட்டல் அறையில் வைத்துவிட்டு, பணம் கட்டும் கவுண்டரில் ஓடிபிக்குக் காத்து நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். வாட்ஸ்அப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். சிம் மாறினாலும், ஆப்புக்குள் எண்ணை நீங்களாக மாற்றாதவரை பழைய எண்ணிலேயே ஓடும். வைஃபை காலிங் வசதியை வெளிநாட்டில் பயன்படுத்தினால் சில நிறுவனங்கள் ஊரிலிருந்து பேசியதாகவே கணக்கிடும், சில கணக்கிடாது. இதை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

மீதமுள்ள டேட்டாவைக் காட்டும் ஆப்பை அப்படியே நம்பிவிட வேண்டாம். வெளிநாட்டு நெட்வொர்க்கிலிருந்து கணக்கு வந்து சேரத் தாமதமாகலாம். செலவு ஒரு வரம்பைத் தொட்டதும் டேட்டாவைத் துண்டிக்கும் வசதி இருந்தால் போட்டு வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 முதல் வரி நீங்கலாக 50 யூரோவில் தானாகத் துண்டிக்கும் ஏற்பாடு சட்டமாகவே இருக்கிறது.

பக்கத்து இருக்கைக்காரரின் பங்கு

பயணத்தில் போன் நம்மிடம் வசூலிக்கும் விலையில் ஒரு பகுதியைக் கூட வருபவர்களும் கட்டுகிறார்கள். ரயில் பெட்டியில் ஒருவர் பேசுகிறார்:

“ம்… சொல்லு.”

“அப்படியா!”

“யாரு, அவரா சொன்னாரு?”

“ஐயோ… அப்புறம்?”

அப்புறம் என்ன என்று உங்களுக்கும் தெரிந்தாக வேண்டும் போல் இருக்கும். புத்தகத்தில் கண் போகாது. 2010-ல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கப் பேச்சையும் கேட்பவர்களைவிட, ஒரு பக்கத்தை மட்டும் கேட்பவர்களின் கவனம்தான் அதிகம் சிதறியது. முழு உரையாடல் என்றால் அடுத்து என்ன வரும் என்று மூளை ஓரளவு ஊகித்துவிடும். பாதி உரையாடலில் ஊகம் பலிக்காததால் விடாமல் அதையே துரத்துகிறது. எரிச்சல்படுபவர் பொறுமை இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது.

போதாக்குறைக்குச் சத்தம். இரைச்சலான இடத்தில் மனிதர்கள் தங்களை அறியாமலே குரலை உயர்த்துவார்கள் என்பதை எத்தியென் லோம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே பதிவுசெய்திருக்கிறார். ஓடும் வண்டியின் இரைச்சல் ஒரு பக்கம், உலோகப் பெட்டியும் உலோகப் பூச்சுள்ள ஜன்னல் கண்ணாடியும் சிக்னலைத் தடுப்பது இன்னொரு பக்கம். எதிர்முனை சரியாகக் கேட்காததால் ‘ஹலோ, ஹலோ, கேக்குதா?’ என்று குரல் ஏறுகிறது. கத்துவதால் சிக்னல் ஒரு கோடுகூட ஏறப்போவதில்லை. போனும் தன் பங்குக்குத் தொலைவிலுள்ள டவரை எட்ட அதிக சக்தியோடு ஒலிபரப்புவதால் பேட்டரியும் கரைகிறது. ஜப்பானிய ரயில்களில் போனை மௌனத்தில் வைத்து, இருக்கையில் அமர்ந்தபடி பேச வேண்டாம் என்று அறிவிப்பே செய்கிறார்கள். அது எல்லா இடத்துக்கும் வந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நள்ளிரவு இரண்டு மணி

இனி பயணிக்கே வரும் தொந்தரவு. அலுவலகத்தில் காலை பத்து மணிக்கு ஒருவர் சாதாரணமாக உங்களைக் கூப்பிடுகிறார். உங்கள் அறையில் அப்போது நடுச்சாமம். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அவர் திரையில் நீங்கள் வழக்கம்போல இருக்கிறீர்கள். பிரான்சில் 2017 ஜனவரி முதல், வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியர் தரப்போடு பெரிய நிறுவனங்கள் பேசியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது; ஆஸ்திரேலியாவிலும் 2024-ல் அப்படியொரு உரிமை வந்தது. ஆனால் எந்த நேரக் கணக்கில் உங்கள் வேலை நேரம் முடிந்தது என்பதை போன் யாருக்கும் சொல்வதில்லையே.

‘தொந்தரவு செய்யாதே’ அமைப்பு இதற்கு உதவும். வீட்டில் அவசரமென்றால் என்ன செய்வது என்று பயந்து பலர் அதைப் போடுவதில்லை. முக்கியமான சிலரை மட்டும் விதிவிலக்காக வைக்கலாம். திரும்பத் திரும்ப அழைப்பவரை அனுமதிக்கும் வசதியும் உண்டு: ஐபோனில் அதே ஆள் 3 நிமிடத்துக்குள் மறுபடி கூப்பிட்டால் மணி அடிக்கும், ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள். வீட்டில் இருப்பவர்களிடம் ‘அவசரம்னா ரெண்டு தடவை அடிங்க’ என்று சொல்லிவிட்டுப் போனால் போதும்.

நீங்கள் வெளியூரில் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் ஒரு சின்ன ஓட்டை நீண்ட காலம் இருந்தது. அழைப்பவர் காதில் விழும் ‘ட்ரிங்’ ஒலி, அழைப்பு போய்ச்சேரும் நாட்டிலிருந்து வரும். அமெரிக்காவில் நீண்ட ஒரே மணி, பிரிட்டனில் இரட்டை மணி என்று நாட்டுக்கு நாடு அது வேறு. காது கூர்மையானவர்கள் அந்நிய ஒலி கேட்டதுமே ‘ஓ, ஊரில் இல்லை போல’ என்று வைத்துவிடுவார்கள். இப்போது 4ஜி வழிக் குரல் அழைப்புகள் பல நாடுகளில் சொந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டிலேயே இருந்துவிடுவதால் அந்த ஒலியும் பெரும்பாலும் ஊர் ஒலியாகவே கேட்கிறது. அதனால் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை மணி நேர வித்தியாசத்தில் இருப்பீர்கள் என்பதை வாட்ஸ்அப் நிலைத்தகவலிலும் மின்னஞ்சலின் தானியங்கிப் பதிலிலும் கிளம்பும் முன் நீங்களே எழுதி வைத்துவிட வேண்டியதுதான்.